டிஸ்க் மட்டும் மயங்கிய ஞாயிறு

எங்கள் அண்ணிக்கு இரண்டு வேலை. துணி ஆலையில் கணினிகளைக் கட்டி மேய்ப்பது சம்பளத்துக்கு. இன்னொன்று சும்மா. அந்தச் சும்மா வேலைக்குத்தான் திட்டு, மிரட்டல், மூக்கைச் சிந்துகிற கடிதங்கள் எல்லாம். கீழ்த்தளத்தில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, மேல்தளத்தில் நடப்பதை இத்தனை வருடமாகப் பார்க்கிறவன் நான். எனக்கே எரிச்சல் வரும். அண்ணி கலங்கிப் பார்த்ததே இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

கணினியை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொள்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். திரை, டிஸ்க், விசைப்பலகை எல்லாவற்றுக்கும் அதுதான் மேஸ்திரி. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு கெர்னலை, உலகத்தில் அங்கங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் சும்மா எழுதிச் சும்மா கொடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், குறை சொல்லலாம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஆள் பஞ்சமே கிடையாது.

அதில் டிஸ்க்கில் எழுதுகிற பகுதி அண்ணியின் பொறுப்பு. மற்றவர்களின் பகுதி பழுதானால் திரை கோணும், சத்தம் வராது, திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இது பழுதானால் எழுதி வைத்தது காணாமல் போகும். ஒருவருடைய கல்யாண ஃபோட்டோ அழிந்துவிட்டது என்று அவரிடம் போய்ச் சொல்வது எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள்.

அதனால் அண்ணி யாரையும் நம்பமாட்டார். யார் எந்த மாற்றம் அனுப்பினாலும், ஜன்னலடியில் மூடி கழற்றிக் கிடக்கும் பழைய கணினியில் அதை ஏற்றி, மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவார். மறுபடி செருகி, எல்லாம் பத்திரமா என்று பார்ப்பார். மறுபடி பிடுங்குவார். குழுவில் அவருக்குப் பட்டப்பெயரே ப்ளக் ராணி.

"கரண்ட் கட் பண்றதுக்குன்னு தனியா ஆபீஸ் வச்சு சம்பளம் குடுத்து ஆளுங்களை உட்கார வச்சிருக்காங்க. நீ எதுக்கு ஓசியில பண்றே?" என்பான் அண்ணன்.

"அவங்க நான் சொல்ற நேரத்துக்குப் பண்ண மாட்டாங்களே" என்பார் அண்ணி, ப்ளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பல வருடம் அண்ணி அந்தப் பகுதிக்குத் தனி ஆள். காய்ச்சல் என்று படுத்தாலும் தலைமாட்டில் கடிதங்கள் குவியும். இரண்டு வருடம் முன்பு ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கோ தொலைவில் இருப்பவர், ஆனால் நம் மொழிக்காரர். குழுவில் அவர் வைத்திருக்கும் படத்தில் முகத்தைவிடத் தாடிதான் அதிகம். ஆகவே எங்கள் வீட்டில் அவர் பெயர் தாடி. கெட்டிக்காரர். வருகிற கடிதங்களில் பாதியை அவரே வாங்கிக்கொண்டார். அவர் வந்த பிறகுதான் அண்ணி தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு தடவை இரண்டு பேரும் சினிமாவுக்குக்கூடப் போய்வந்தார்கள். இரண்டு பேர் என்றால் அண்ணியும் அண்ணனும். தாடியை அண்ணி பார்த்ததும் இல்லை, அவர் குரலைக் கேட்டதும் இல்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணன் விழுந்தான். கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்துகிறவன், ஏணியிலிருந்து சரிந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி வாசம். அண்ணி வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே குடியிருந்தார். அப்போது பார்த்துத் தாடியின் பெரிய மாற்றம் வந்து நின்றது. டிஸ்க்கில் எழுதுவதைப் பல மடங்கு வேகமாக்கும் மாற்றம், அவருடைய இரண்டு வருட உழைப்பு. அதன் கீழே "சோதித்தேன்" என்று வரிசையாகப் பலர் கையொப்பம். அண்ணி அதைப் போனிலேயே வரி வரியாகப் படித்தார். குறை தெரியவில்லை. தன் கையொப்பத்தையும் போட்டு உள்ளே விட்டுவிட்டார்.

பிறகுதான் தெரிந்தது. சோதித்த அத்தனை பேரும் பாவனைக் கணினியில் சோதித்திருக்கிறார்கள். அதாவது, கணினிக்குள்ளேயே கணினி மாதிரி நடிக்கிற ஒரு நிரல். அதன் டிஸ்க்கும் நடிப்பு, ப்ளக்கும் நடிப்பு. நிஜ ப்ளக்கை எப்படியும் ராணி பிடுங்கியிருப்பார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இத்தனை பேர் சோதித்தார்களே, ஒருவராவது நிஜக் கணினியில் பார்த்திருப்பார் என்று ராணி நினைத்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் இவ்வளவு நம்புகிற கூட்டத்தில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினான். கெர்னலின் புது வெளியீடு வரவேண்டிய வாரத்தில் ஒரு மாட்டு டாக்டர் எழுதினார். முன்கூட்டியே வாங்கிப் பயன்படுத்திப் பார்க்கிற ஆசாமி. "என் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற நாட்களில் கோப்புகள் பாதியோடு நிற்கின்றன. கரண்ட் போகவில்லை. கணினி அணையவே இல்லை. ஆனால் எழுதியது இல்லை. நீங்கள் எல்லாம் சேர்ந்து என்னதான் கிழிக்கிறீர்கள்?" கடைசி வரி இன்னும் கொஞ்சம் நீளம், அதை விட்டுவிடுகிறேன்.

குழுவில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணினி அணையவே இல்லையென்றால் தாடியின் மாற்றத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், உங்கள் டிஸ்க் செத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று பதில் எழுதினார்கள். அண்ணி மட்டும் அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தார். பழைய வெளியீட்டுக்குத் திரும்பிப் போனால் அதே டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை என்றும் அந்த டாக்டர் எழுதியிருந்தாரே.

ஞாயிறு காலையில் அண்ணி குழுவுக்கு எழுதினார்: தாடியின் மாற்றத்தை இந்த வெளியீட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தாடியின் பதில் உடனே வந்தது. நான் அண்ணியின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். "உடைந்ததற்கு ஒரு சான்றும் இல்லை. யாரோ ஒருவரின் வசவுக் கடிதத்தை வைத்து என் இரண்டு வருடத்தைத் தூக்கிப் போடுவீர்கள் என்றால், என்மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள். எடுத்தால் நான் விலகிக்கொள்கிறேன்."

எல்லார் மாற்றங்களும் கடைசியில் ஒரே ஆள் வழியாகத்தான் வெளியே போகும். அவரை நான் வாசல்காரர் என்பேன். அவர் சுருக்கமாக எழுதினார்: இன்று சாயங்காலம் வெளியிடுகிறேன். எடுப்பதானால் அதற்குள் சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லுங்கள்.

"எடுத்துடுங்களேன் அண்ணி. போனா போறாரு" என்றேன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "போனா யாரு வருவா? நீங்க வருவீங்களா?"

எடுத்தால் தாடி போய்விடுவார், அண்ணி மறுபடி தனி ஆள். எடுக்காமல் விட்டு, டாக்டர் சொன்னது உண்மையாகவும் இருந்தால், முகம் தெரியாத எத்தனையோ பேரின் கோப்புகள் சத்தமில்லாமல் அழியும். கெர்னல் தெரியாத எனக்கே அது புரிந்தது.

அப்புறம் ஜன்னலடிக் கணினியில் தாடியின் மாற்றத்தை ஏற்றிப் பிடுங்கினோம். அண்ணி திரையைப் பார்ப்பார், "ம்" என்பார், நான் ப்ளக்கைப் பிடுங்குவேன். சோதனைக்கு எழுதியவை என் கடை ஃபோட்டோக்களின் பிரதிகள்தான். செருகுவோம், கணினி எழும், அண்ணியின் சரிபார்ப்பு நிரல் ஓடும், எல்லாம் பத்திரம். அடுத்து வேறு ஒரு நொடியில். மறுபடி பத்திரம். என் விரலெல்லாம் சிவந்துவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்ற அண்ணன், "ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டு வயரிங்கை ஒரு வழி பண்ணிடுங்க" என்றான். அண்ணி மறுபடி "ம்" என்றார்.

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது. ஒன்றுமே உடையவில்லை. உடையாதது நல்ல சேதிதான். ஆனால் அண்ணி முகத்தில் நிம்மதி இல்லை. "இப்படியே வெளிய விட்டா, நாளைக்கு யார் முகத்துல முழிப்பேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, நான் கேட்டே இராத குரலில், "எனக்கு பயமா இருக்கு தம்பி" என்றார்.

கீழே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். ஒரு பெண்மணி, கோப்பையில் ஃபோட்டோ அச்சடிக்கச் சொல்லியிருந்தவர். இன்றைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னதே நான்தான். அண்ணியிடம் சொல்லிக்கொண்டு இறங்கினேன். மேலே கணினி தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது.

கோப்பையில் படம் பதிக்கிற என் ஹீட் பிரஸ் ஒரு பூதம். அதைப் போட்டால் கட்டடமே ஒரு நொடி கண் சொக்கும். போட்டேன். விளக்கு மங்கி நிமிர்ந்தது. மேலே இருந்து ஒரு கத்தல்.

"தம்பி! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி! மிஷினைப் போட்டேன்!"

"அணைச்சுட்டு மறுபடி போடுங்க!"

போட்டேன். மறுபடி மங்கல். பிறகு மேலே அமைதி. அந்த அமைதிதான் என்னைப் படியேற்றியது. அண்ணி மூடி இல்லாத கணினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டிஸ்க்குக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. டிஸ்க் மட்டும் மயங்கி எழுந்துச்சு. கம்ப்யூட்டர் அணையவே இல்ல. அந்த டாக்டர் பொய் சொல்லல தம்பி, அவர் பொய்யே சொல்லல."

பிறகு எனக்கு விளக்கினார். கெர்னல் கொடுக்கிற தகவலை டிஸ்க் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளும், சௌகரியப்படும்போதுதான் எழுதும். பழைய முறையில், எழுதி முடித்துவிட்டேன் என்று டிஸ்க் சொல்லும்வரை கெர்னல் தன்னிடம் ஒரு பிரதி வைத்திருக்கும். தாடியின் மாற்றத்தில், வாங்கிக்கொண்டேன் என்றாலே போதும், பிரதியை விட்டுவிடும். அதனால்தான் அந்த வேகம். ப்ளக்கைப் பிடுங்கினால் இரண்டும் சேர்ந்து மயங்கும். எழும்போது கெர்னல் சந்தேகத்தோடு எழுந்து, டிஸ்க்கில் முன்பே எழுதிவைத்த தன் குறிப்புகளோடு எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்துச் சரிசெய்துவிடும். மின்சாரம் ஒரு நொடி மங்கினால் டிஸ்க் மட்டும் மயங்குகிறது. கையில் வைத்திருந்ததை மறந்துவிட்டு எழுகிறது. கெர்னலோ எல்லாம் எழுதியாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறது. இத்தனை வருடமாக ப்ளக்கைப் பிடுங்கிய எங்கள் ராணி, பிடுங்காமல் பார்க்கவேண்டிய ஒரு சோதனை இருக்கிறது என்று நினைத்ததே இல்லை.

டாக்டரின் எக்ஸ்ரே இயந்திரம் செய்ததை என் ஹீட் பிரஸ் செய்துவிட்டது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உடனே குழுவுக்கு எழுதினார். வாசல்காரரின் பதில் வந்தது. அவர்களிடம் ஒரு வழக்கம்: ஒரு மாற்றத்தை உள்ளே விட்டவரே கடைசி நேரத்தில் அதை வெளியே எடுக்கவேண்டும் என்றால், அது உடைந்ததைக் கண்ணால் பார்த்த இன்னொருவரும் பெயர் கொடுக்க வேண்டும். சொந்தப் பகையில் யாரும் யாருடைய வேலையையும் தூக்கி எறியக்கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல வழக்கம்தான், அன்றைக்குக் கழுத்தை நெரித்தது.

மற்றவர்கள் முயன்றார்கள். பாவனைக் கணினிக்கு மயங்கத் தெரியவில்லை. டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு அண்ணி போன் போட்டார். ஒரு நாய்க்கு ஆபரேஷன் நடக்கிறது, முடிகிறவரை கூப்பிட முடியாது என்றார்கள். தாடிக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். இல்லை.

ஜன்னலில் வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. அண்ணி மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க பேரைப் போடுங்க."

"நானா? எனக்குக் கெர்னலும் தெரியாது, கிர்னலும் தெரியாது. என் பேரை எங்க கொண்டு போய்க் கோத்துவிடறீங்க?"

"தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. பார்த்திருக்கணும். அவ்வளவுதான்."

"பார்க்கலையே. நான் கீழல்ல இருந்தேன்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அண்ணி, "ஆமா, சரிதான். பார்க்காம போடக்கூடாது" என்றார். பார்க்காமல் போட்ட ஒரு கையொப்பத்தால் வந்த வினைதானே இது.

ஆகவே கோப்பைக்கார அம்மாவிடம் ஹீட் பிரஸ்ஸின் சுவிட்சைக் காட்டிவிட்டு மேலே ஓடிவந்தேன். அண்ணன் வாக்கரோடு மாடிப்படியின் தலைப்பில் நின்று, "போடுங்கம்மா!" என்று கத்தினான்.

"இப்பவா?" என்று கீழிருந்து குரல்.

"இப்பதான்!"

"போட்டுட்டேன்! எதுவும் வெடிக்காதே?"

விளக்கு மங்கியது. டிஸ்க் டிக்கென்றது. அண்ணி ஒரு ஃபோட்டோவை டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்தார். என் கடையில் எடுத்த குழந்தைப் படம். நெற்றி இருந்தது, கண் இருந்தது, மூக்கோடு சரி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அந்தக் குழந்தையைச் சிரிக்கவைக்க நான் கிலுகிலுப்பையோடு ஆடிய ஆட்டம் எனக்குத்தான் தெரியும். அந்தச் சிரிப்புதான் படத்தில் இல்லை. நிஜப் படம் கடையில் பத்திரமாக இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"போடுங்க என் பேரை" என்றேன்.

எடுப்பதற்கான காரணத்தை அண்ணி எழுதினார். மாற்றத்தில் என்ன பிழை, எப்படி உடைகிறது என்று சொல்லிவிட்டு, "இதைச் சரியாகச் சோதிக்காமல் உள்ளே விட்டது நான். பொறுப்பு என்னுடையது" என்று முடித்தார். அடியில் தன் பெயர், அதன் கீழே என் முழுப் பெயர்.

"மாத்தத்தை எழுதினவரு பேரையும் போடுவாங்கல்ல? அவரு பேரு எங்க?" என்றேன்.

"வேணாம். அவர் பேர் இருந்தா நிச்சயம் போயிடுவார். என் பேர் மட்டும் இருந்தா ஒருவேளை..." அண்ணி முடிக்கவில்லை. "இந்தப் பதிவுல ஏறினது ஏறினதுதான் தம்பி, யாராலயும் அழிக்க முடியாது. காலத்துக்கும் இருக்கும். அது என் பேரா இருந்துட்டுப் போகட்டும்."

அனுப்பினார். வாசல்காரரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி: இந்த இரண்டாவது நபர் யார்? குழுவில் பார்த்த நினைவில்லையே.

அண்ணி தட்டினார்: கரண்டை மங்க வைத்தவரும் உடைந்ததைப் பார்த்தவரும் இவர்தான். நம்பலாம்.

காத்திருந்தோம். நான் பார்த்துக்கொண்டிருந்தது திரையை. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தது போனை, தாடியின் பெயர் வருமா என்று. பிறகு வாசல்காரரின் பதில்: சரி, மாற்றத்தை எடுத்துவிட்டேன். அடுத்த செய்தியே வெளியீட்டு அறிவிப்பு. கெர்னல் உலகத்துக்குப் போய்விட்டது. தாடியின் வேகம் அதில் இல்லை. யாருடைய கோப்பும் அழியப் போவதில்லை. அழியவில்லை என்பது யாருக்கும் தெரியப் போவதும் இல்லை.

அண்ணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "போயிட்டார் போல" என்றார். அண்ணன் வாக்கரோடு நடந்துவந்து, அவர் தலையில் கை வைத்தான். எனக்குத் தாடியின் தாடியைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நான்தான்." கரகரத்த குரல். பின்னால் ஏதோ பட்டறையின் சத்தம். எடுத்த எடுப்பில் அக்கா என்கிற இந்த ஆள் யார் என்று நான் முழித்தேன். அண்ணிக்கு உடனே தெரிந்துவிட்டது, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

"நீங்க எழுதினதைப் படிச்சதும் வெல்டிங் பட்டறை ஒண்ணைத் தேடி ஓடிட்டேன். என் கம்ப்யூட்டரையும் தூக்கிட்டு. இங்க வெல்டிங் வச்சா லைட்டு மங்கும். வச்சுப் பார்த்தேன். உடைஞ்சுது. மறுபடி வச்சேன், மறுபடி உடைஞ்சுது. பேர் குடுக்கலாம்னு வந்து பார்க்கறேன், அதுக்குள்ள வெளியீடு போயிடுச்சு."

"பரவாயில்ல. எடுத்தாச்சு. உங்க பேர் எங்கயும் வரல, கவலைப்படாதீங்க."



"அதுக்குத்தான்கா போன் பண்ணேன்" என்றார் தாடி. "ஏன் வரல? எழுதினது நான். யோசிக்காம விட்டது நான். காலையில போறேன்னு மிரட்டினதும் நான். என் தப்பை நீங்க எடுத்து வச்சுக்கிட்டா, நான் திரும்ப வர்றதுக்கு என்ன இருக்கு அங்க?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பிழை என்னுதுக்கா. என்கிட்டயே குடுத்துடுங்க. நான்தான் சரி பண்ணணும்."

"எடுத்துக்குங்க" என்றார் அண்ணி. அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் சத்தமாகச் சொன்னார். "எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் வாங்க."

கீழிருந்து கோப்பைக்கார அம்மா கூப்பிட்டார். சுவிட்சை இன்னும் பிடித்துக்கொண்டேதான் நிற்கிறாராம். விடலாமா என்று கேட்டார்.